அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

மூச்சுத் தொல்லையைச் சொல்லத் தமிழில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூச்சு வாங்குது. மூச்சு முட்டுது. இரைக்குது. நெஞ்சை அடைக்குது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. ஒன்று போல் ஒன்று இல்லை. படி ஏறினால் வாங்குவது வேறு, படுத்தால் முட்டுவது வேறு, நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல் சத்தம் போட்டுக்கொண்டு இழுப்பது வேறு. எங்கள் அம்மா இவற்றில் எந்த வார்த்தையைச் சொன்னார், அது மலாயில் எந்த வார்த்தையாகப் போய்ச் சேர்ந்தது என்பதிலேயே மூன்று மாதம் கழிந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போது 70 வயது. கோலா குபு பாருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். 2005ஆம் ஆண்டு இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை, மருந்து ஊசி, கதிர்வீச்சு என்று மூன்றையும் கடந்து வந்தவர். கதிர்வீச்சு மட்டும் 25 நாள். கோலாலம்பூருக்குப் போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது, திங்கள் முதல் வெள்ளி வரை பஸ்ஸில். அந்த ஆகஸ்டில்தான் புகைமூட்டம் அதிகமாகி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலா சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். அப்போதுகூட மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் சொன்னதில்லை.

2023 பிப்ரவரியில் சொன்னார். அதுவும் அவராகச் சொல்லவில்லை. கோயிலில் எப்போதும் ஒன்பது சுற்றுச் சுற்றுகிறவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, "இரைக்குதும்மா" என்றிருக்கிறார்.

கிளினிக்கிலும் அதையே சொன்னார். எஸ்டேட் பேச்சில் 'இரைக்குது' என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஓடிவந்த நாய்க்கும் இரைக்கும், ஆஸ்துமாக்காரருக்கும் இரைக்கும், மங்கைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியவருக்கும் இரைக்கும். அன்று மொழிபெயர்த்துச் சொன்னவர் 'செம்புட்' என்று சொல்லிவிட்டார். மலாயில் செம்புட் என்றால் பெரும்பாலும் ஆஸ்துமாதான். அவர் மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, அகராதியில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அட்டையில் ஆஸ்துமா என்று ஏறிவிட்டது. நீல நிறப் பம்ப் ஒன்று கொடுத்தார்கள். அதை இழுத்தால் அம்மாவுக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த முறை போனபோது அளவைக் கூட்டினார்கள்.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன், "வயசாச்சு. எழுபது வயசுல மூச்சு வாங்காம இருபது வயசுலயா வாங்கும்?" என்பார். அண்ணி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சமையலறையில் என்னிடம் மட்டும், "அது திரும்பி வந்திருக்குமோ?" என்று கேட்டார். 'அது' என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புற்றுநோய் கண்டு பிழைத்த வயதானவருக்கு மூச்சு வாங்கினால் சுற்றியிருப்பவர்களுக்கு இந்த இரண்டு பதில்தான் தோன்றுகிறது: ஒன்று வயது, இல்லாவிட்டால் 'அது'. இரண்டுமே தேடலை நிறுத்தி விடுகிற பதில்கள். வயதென்றால் தேட ஒன்றுமில்லை. 'அது' என்றால் தேடப் பயம்.

மே மாதம் வேறொரு டாக்டரிடம் போனோம். இளம் மலாய்க்காரர். அம்மாவின் பம்பைக் கையில் வாங்கி மேசையில் வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பந்தால் பெராப்பா?" தூங்கும்போது எத்தனை தலையணை?

அம்மாவுக்குப் பாசார் மலாய் நன்றாக வரும். "தீகா" என்றார் உடனே. மூன்று.

எனக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. எப்போதிலிருந்து மூன்று? தீபாவளிக்கு முன்னால் ஒன்று, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு, இப்போது மூன்று. அதிலும் பாதி ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருப்பாராம். இந்தக் கதை எங்கள் யாருக்கும் தெரியாது. தூக்கம் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஆஸ்துமாவும் ராத்திரியில் தொல்லை கொடுக்கும், ஆனால் படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிற மூச்சுக்கு இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். காலை அழுத்திப் பார்த்தார். கணுக்காலில் அவர் விரல் பதிந்த குழி மெதுவாகத்தான் நிரம்பியது.

பிறகு முதுகில் விரல் வைத்துத் தட்டினார். மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடம் வரை டம் டம்மென்று கேட்டது, வலது பக்கம் கீழே வந்ததும் சத்தம் செத்துவிட்டது. இந்தத் தட்டலுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆஸ்திரியாவில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஆவன்புரூகர் என்ற மருத்துவர் 1761ல் இதை எழுதி வைத்தார். பீப்பாயில் எவ்வளவு மது இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைப் போல, நெஞ்சுக்குள் நீர் இருக்கிறதா என்று தட்டிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் சங்கதி. தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதல்ல.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இந்த வரிசை யாருக்கும் தெரிவதில்லை. டெஸ்ட் எடுத்தார்கள், என்னமோ எடுத்தார்கள் என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

விரலில் மாட்டும் கிளிப் 95 காட்டியது. நான் நிம்மதியானேன். டாக்டர் ஆகவில்லை. கோவிட் காலத்தில் நம்மில் பலர் அதை வீட்டிலேயே வாங்கி வைத்தோம், எண் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாக நம்பினோம். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்த அருமையான கருவிதான். ஆனால் ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளப்பதால், கருத்த தோலில் அது சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அமெரிக்காவில் 2020ல் வெளியான ஆய்வில், கருவி நல்ல எண் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நம் தோலுக்கு இந்தச் செய்தி தேவை. மேலும், ஆக்சிஜன் சரியாக இருக்கும்போதே மூச்சு வாங்கலாம். இதயமோ ரத்தமோ பலவீனமாக இருந்தால் அப்படித்தான் ஆகும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஆக, ஒரு காரணம் கிடைத்தது. நான் அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். "ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்தக்கூடாது. இந்த வயதில் இரண்டு மூன்று சேர்ந்துதான் வரும்" என்றார் வார்டு டாக்டர். எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர். இரண்டு பக்கமும் இருந்தாலும் வலது பக்கம் அதிகம்.

நீர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணி அழுதுவிட்டார். மார்பகப் புற்றுநோய் பல வருடம் கழித்துத் திரும்பினால் நுரையீரல் உறையில் நீராக வரக்கூடும் என்பது அவருக்குத் தெரியும், அவருடைய சித்திக்கு அப்படித்தான் வந்தது. முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். வெளிறிய மஞ்சள், தேநீர் போட்டு வைத்து ஆறின தண்ணீர் மாதிரி. அதில் இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். ஒன்று, புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்று. மற்றது, நீரில் இருக்கும் புரதத்தை ரத்தத்தில் இருக்கும் புரதத்தோடு ஒப்பிட்டு, இது வெறுமே அழுத்தத்தால் கசிந்த நீரா, நோய் தாக்கியதால் ஊறிய நீரா என்று. ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1972ல் வகுத்த கணக்கு அது, இன்றும் அதைத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கு மறுநாளே வந்துவிட்டது: கசிந்த நீர். செல் அறிக்கை வர ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில்தான் நாங்கள் அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று சண்டை போட்டோம். அண்ணன், ஒன்றும் சொல்லாதே என்றார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "என்னத்த குசுகுசுக்கிறீங்க? திரும்பி வந்திருந்தா வந்துட்டுப் போவுது. அந்தச் செகப்பு ஊசி மட்டும் எனக்கு வேணாம்" என்றார். மறைத்து என்ன பயன்? நோயைச் சுமந்தவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். மறைப்பதால் அவர் தனியாகப் பயப்படுவார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே மாதிரி ஒலி அலை ஸ்கேன். ஆரோக்கியமான இதயம் ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும், 55 சதவீதம் அல்லது அதற்கு மேல். அம்மாவுடையது 35. மாரடைப்பு வந்த அடையாளம் இல்லை. அப்புறம் எப்படி?

டாக்டர் பழைய சிகிச்சைப் புத்தகத்தைக் கேட்டார். நல்லவேளை, அம்மா அதைப் பிறப்புப் பத்திரத்தோடு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். புரட்டிப் பார்த்து ஒரு வரியில் விரலை வைத்தார். டாக்ஸோருபிசின். அம்மா சொன்ன அதே சிவப்பு ஊசி. இத்தாலியில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1960களில் எடுத்த மருந்து. ஏட்ரியாட்டிக் கடலை நினைவுபடுத்தி அதற்கு ஏட்ரியாமைசின் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய மருந்து, அம்மாவையும் சேர்த்து. ஆனால் இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் குணம் அதற்கு உண்டு. அது உடனே தெரியலாம், பத்து இருபது வருடம் கழித்தும் தெரியலாம். மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். வயதும் ரத்த அழுத்தமும் சேர்ந்தால் இன்னும். அதோடு அம்மாவுக்குக் கதிர்வீச்சு இடது பக்கம். இதயம் இருக்கும் பக்கம். சுவீடன், டென்மார்க் பெண்கள் 2,168 பேரை வைத்து 2013ல் வெளியான ஆய்வு, இதயத்தில் படும் கதிர்வீச்சு கூடக்கூட இதயநோய் ஆபத்தும் கூடுகிறது, அது சிகிச்சைக்குப் பிறகு இருபது வருடம் வரையாவது தொடர்கிறது என்று காட்டியது. இப்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயத்தைக் கதிரின் வழியிலிருந்து விலக்கி வைத்துக் கொடுக்கும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. அம்மா காலத்தில் அது இல்லை.

இதயம் பலவீனமானால் நுரையீரலில் ஏன் நீர்? இதை அம்மாவுக்கு நான் எங்கள் ஊரை வைத்தே சொன்னேன். பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று கம்பம் இருக்கிறது. உடைந்த அணை என்று அர்த்தம். 1883ல் அணை உடைந்து பழைய கோலா குபுவையே வெள்ளம் அடித்துப் போனது. மலையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, கீழே வாய்க்கால் போதுமான அளவு இழுக்கவில்லை என்றால் பின்னால் தேங்கும், கரையில் கசியும். இதயம் இழுக்காததால் நுரையீரலில் தேங்கி நிற்கிறது, அதுதான் படுத்தால் முட்டுகிறது என்றேன். அம்மா கேட்டுக்கொண்டார். சிவப்பு ஊசியால் வந்தது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான்: "இப்ப குடுக்குற மாத்திரையில முடி கொட்டுமா?"

கொட்டாது.

செல் அறிக்கை சுத்தமாக வந்தது. ஒரே ஒரு முறை எடுத்த நீரில் இல்லை என்பதால் முழுக்க இல்லை என்று ஆகிவிடாது. அதனால் ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் வேறு இரண்டையும் தேடினார்கள். ரத்தக்கட்டி நுரையீரலில் அடைத்திருக்கிறதா என்பது ஒன்று. புற்றுநோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். திடீரென்று மூச்சு முட்டி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது இருமலில் ரத்தம் வந்தால், கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுதான். இன்னொன்று, நுரையீரல் தழும்பு. இதற்காகத்தான் ஒரு டாக்டர் அம்மாவிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஃபைலில் இல்லத்தரசி என்று இருந்தது. அம்மா சிரித்துவிட்டார்.

பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவர். விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் நுழைந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் மருந்தடிக்கும் கேங்கில் போட்டார்கள். முதுகில் பம்ப், கையில் குழாய், முகத்தில் ஒரு துண்டு. அடித்த மருந்து பாராகுவாட். காற்று திரும்பினால் முகத்தில்தான். மூக்கில் ரத்தம் வந்தது, நகம் கறுத்தது, கங்காணியிடம் சொன்னால் பால் குடிக்கச் சொன்னார் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். இவ்வளவையும் நான் முதன்முறையாக ஆஸ்பத்திரிக் கட்டிலருகில்தான் கேட்டேன். மருந்தடிக்கும் பெண்களின் இந்தக் குறைகளை ஐரின் ஃபெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு 2002ல் ஆய்வாகவே வெளியிட்டது. அரசாங்கம் அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006ல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுக்கத் தடை செய்தது. அம்மா அதற்கு எத்தனையோ வருடம் முன்பே பம்பை இறக்கி வைத்துவிட்டார். உடலுக்குள் நேராகப் போனால் நுரையீரலைத் தழும்பாக்கிக் கொல்லும் மருந்து அது. அம்மாவின் ஸ்கேனில் அப்படி எதுவும் தெரியவில்லை. கதிர்வீச்சு பட்ட இடது மேல்பகுதியில் மட்டும் சின்னத் தழும்பு. ரத்தக்கட்டி இல்லை. புற்று இல்லை. ஆனால் டாக்டர் ஃபைலில் இல்லத்தரசியை அடித்துவிட்டு, பால்வெட்டு, மருந்தடிப்பு, வருடங்கள் எல்லாம் எழுதினார். விறகடுப்புப் புகையையும் சேர்த்துக்கொண்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது.

மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதை டாக்டர்கள் ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்து உருவாக்கிய அளவு அது. வேகமாக நடந்தால் வாங்குகிறதா, சமவயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியவில்லையா, நூறு கஜத்தில் நிற்க வேண்டியிருக்கிறதா, வீட்டைவிட்டே இறங்க முடியவில்லையா என்று போகும். வீட்டில் இதற்கு எண் தேவையில்லை. போன வருடம் செய்தது இப்போது எது முடியவில்லை என்று கேட்டால் போதும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் நம் அம்மாக்கள் "நல்லா இருக்கேன்" என்பார்கள். கோயில் எத்தனை சுற்று, துணி காயப்போட எத்தனை தடவை உட்கார வேண்டியிருக்கிறது, தலையணை எத்தனை என்று கேட்டால் உண்மை வரும்.

இப்போது தண்ணி மாத்திரை, இதயத்துக்கு மூன்று வகை மாத்திரை. அதில் ஒன்று முதலில் சர்க்கரை நோய்க்காக வந்த மருந்து, இதயத்துக்கும் நல்லது செய்வதை 2019க்குப் பிறகு கண்டு சேர்த்திருக்கிறார்கள். இரும்புச் சத்து ஊசி வழியாகப் போகிறது. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். உடனே போன் செய்ய வேண்டும். உப்பு குறைய வேண்டும் என்றதில்தான் பெரிய போராட்டம். ஊறுகாயை விட்டுக்கொடுத்தார், அப்பளத்தை விட்டுக்கொடுத்தார், கருவாட்டை விடமாட்டேன் என்கிறார். மாதம் ஒருமுறை ஒரு துண்டு என்று சமரசம். மூச்சு முட்டும்போது முகத்துக்கு நேரே பிடிக்க ஒரு குட்டி பேட்டரி விசிறி, பாசார் மாலாமில் வாங்கியது. அது பொம்மை இல்லை. முகத்தில் காற்று பட்டால் மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயம் 35லிருந்து 44க்கு வந்திருந்தது. தலையணை ஒன்றரை. அரைத் தலையணை எப்படி என்று கேட்டேன். மடித்து வைத்த கைலி.

இன்னும் ஒன்று பாக்கி. எழுபது வயதுப் பெண்ணுக்கு இரும்புச் சத்து ஏன் குறைந்தது? மாதவிடாய் நின்று இருபது வருடம் ஆகிறது. குடலில் எங்கோ கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிகிறதா என்று கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இரும்பு ஊசியால் எண் ஏறிவிட்டதே, இனி எதற்கு என்று அண்ணன் பழைய பல்லவியைத் தொடங்கினார். எண் ஏறியது சரி, இறங்கியது ஏன் என்பதற்கு அது பதில் இல்லை. அம்மா முதலில் முடியவே முடியாது என்றார். குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்து உப்புக் கரிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கருவாட்டுக்கு மட்டும் உப்பு வேண்டுமா என்று அண்ணி கேட்டதற்குச் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

தேதியும் கொடுத்தார்கள். அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். அன்று பிரதோஷம். போன் செய்து மாற்றியிருக்கிறேன். அதற்கு அடுத்த புதன்கிழமை, காலை எட்டு மணி.